அம்மாவின் முகத்தைக் கணினியிடம் காட்ட வேண்டுமா?

பொகவந்தலாவையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அம்மாவுக்கு 58 வயது. பித்தப்பைக் கல்லுக்குக் கண்டியில் சத்திரசிகிச்சை. முழு மயக்கம் கொடுப்பார்களாம். மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் போடுவது கஷ்டமாக இருக்குமா என்று முகத்தைப் படமெடுத்தே கணினி சொல்லிவிடும் என்கிறார் அண்ணன். அதைச் செய்யச் சொல்லிக் கேட்கலாமா? கொழுந்து பறித்த காலத்திலிருந்தே அம்மா வெற்றிலை போடுவார்."

கேட்கத் தேவையில்லை, தங்கச்சி. ஆனால் நீங்கள் கடைசியாக எழுதிய வரியைக் கட்டாயம் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

அண்ணன் சொல்வது பொய்யில்லை. வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கும் சோதனை 1985இலிருந்து இருக்கிறது. மயக்கம் கொடுக்கும் வைத்தியர்களான நாங்கள் கழுத்தையும் தாடையையும்கூடப் பார்க்கிறோம். அப்படியும் தவறவிடுகிறோம். டென்மார்க்கில் 1,88,064 பேரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, குழாய் போடச் சிரமப்பட்ட 3,391 பேரில் 3,154 பேருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்கவில்லை. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் கணினியை நாடுகிறார்கள். முகத்தின் அளவுகளைப் படத்திலிருந்து எடுத்து, யாருக்குக் குழாய் சுலபமாகப் போனது, யாருக்குப் போகவில்லை என்பதோடு அது ஒப்பிட்டுக் கற்கிறது. 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் பலன் நன்றாகவே இருந்தது. ஆனால் அதில் இருந்த 80 பேரும் ஆண்கள். அதை வைத்து உங்கள் அம்மாவுக்கு நான் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

என் கவலை பாக்குதான். பல வருடம் மென்றால் சிலருக்குக் கன்னத்தின் உட்தோலுக்கடியில் நார் படிந்து இறுகிவிடும். காரம் பட்டால் வாய் எரியும், வாய் திறப்பு மெல்ல மெல்லக் குறையும். வெளியே முகம் எப்போதும் போலவே இருக்கும், படத்திலும் அப்படித்தான் தெரியும். நம் தோட்டங்களில் இதை வயதுக் கோளாறு என்று விட்டுவிடுகிறவர்களை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது, ஏனென்றால் இது புற்றுநோயாகவும் மாறலாம்.

இன்றைக்கே அம்மாவை வாயை நன்றாகத் திறக்கச் சொல்லுங்கள். அவருடைய மூன்று விரல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, முன்பற்களுக்கு இடையே போகிறதா? போகாவிட்டால் சத்திரசிகிச்சைத் தேதிவரை காத்திருக்க வேண்டாம், அடுத்த கிளினிக்கிலேயே சொல்லுங்கள். முன்கூட்டியே தெரிந்தால், கமரா பொருத்திய கருவியை எடுத்து வைக்கலாம். தேவைப்பட்டால் அம்மா விழித்திருக்கும்போதே, தொண்டையை மரக்கச் செய்து, மூக்கு வழியாகக் குழாயை வைக்கலாம். பல் வைத்தியரிடமும் வாயைக் காட்டுங்கள்.

அப்புறம், ஆடும் பல், பலத்த குறட்டை, முன்பு மயக்கம் கொடுத்தபோது வந்த சிக்கல் ஏதாவது இருந்தால் அதையும் கிளினிக் கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள்.