ஸ்வீடனில் பிஎச்டி கைடு ஒன்றும் சொல்லவில்லை என்றால் பயப்படணுமா?

தம்பி, பிஎச்டியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது, டைம்டேபிள் இல்லை, பரீட்சை இல்லை, கைடு "உனக்குச் சரியென்று படுவதைச் செய்" என்கிறார், என்னைக் கைவிட்டுவிட்டாரோ என்று கேட்டிருந்தீர்கள். கைவிடவில்லை. நானும் இதே பயத்தோடு முதல் வருடத்தில் பாதியை வீணாக்கினேன், அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

ஊரில் முதலில் கோர்ஸ்வொர்க், அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு டிசி (டாக்டரல் கமிட்டி) மீட்டிங் என்று பாதை போட்டு வைத்திருப்பார்கள். இங்கே அந்தப் பாதையை நீங்களும் கைடும் உட்கார்ந்து எழுத வேண்டும். அதுதான் தனிநபர் படிப்புத் திட்டம், எல்லோரும் ஐஎஸ்பி என்பார்கள். ஏதோ ஆபீஸ் படிவம் என்று நினைத்து நான் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன், தப்பு. நீங்கள் செய்ய வேண்டியது மட்டுமல்ல, பல்கலைக்கழகம் உங்களுக்குச் செய்ய வேண்டியதும் அதில் இருக்க வேண்டும், அதை அவ்வப்போது பார்த்துத் தேவைப்பட்டால் திருத்த வேண்டும் என்பது இங்கே சட்டம். மொத்தம் 240 கிரெடிட், அதாவது நான்கு வருட முழுநேரப் படிப்பு. அதில் கோர்ஸுக்கு எவ்வளவு என்பது துறைக்குத் துறை மாறும், உங்கள் துறையின் பொதுப் பாடத்திட்டத்தில் பாருங்கள். வேலை நேரத்தில் 20 சதவீதம் வரை மாணவர்களுக்குப் பாடம் எடுக்கச் சொன்னால் அந்த நேரமும் கணக்கில் சேர்ந்து ஐந்து வருடம் வரை நீளும், ஆகவே எடுக்கும் ஒவ்வொரு மணி நேரத்தையும் ஐஎஸ்பியில் ஏற்றச் சொல்லுங்கள்.

பேச்சு வேறு ஒரு சிக்கல். என் கைடு ஒருமுறை ஒரு கட்டுரையைக் காட்டி "இதையும் பார்க்கலாமே" என்றார். விருப்பமிருந்தால் பார் என்கிறார் என்று விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து "படித்தாயா?" என்று கேட்டபோதுதான் இந்த ஊரில் அது கட்டாயம் படி என்று அர்த்தம் என்பது புரிந்தது. அன்றே செவ்வாய் காலை பத்து மணி, அரை மணி நேரம் என்று கேட்டு வாங்கினேன். திங்கள் மாலையே அரைப் பக்கம் அனுப்பிவிடுவேன்: என்ன செய்தேன், எங்கே சிக்கியிருக்கிறேன், எதை முடிவு செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் அவர் வழிநடத்தவே ஆரம்பித்தார், அதுவரை நான் கேட்கட்டும் என்று காத்திருந்திருக்கிறார். முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடவே எனக்கு நாக்கு எழவில்லை, சார் என்றே வரும். ஆனால் பெயர் சொல்லிப் பேசப் பழகிய பிறகுதான் "இது எனக்குப் புரியவில்லை" என்று சொல்லும் தைரியமும் வந்தது.

உங்களுக்குக் குறைந்தது இரண்டு கைடு இருக்க வேண்டும், இரண்டாமவரைச் சும்மா பெயருக்கு விட்டுவிடாதீர்கள். உண்மையாகவே ஒத்துவரவில்லை என்றால் கைடை மாற்றக் கேட்கலாம், கேட்டால் மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று உயர்கல்வி விதியிலேயே இருக்கிறது. ஊரில் கைடைப் பகைத்துக்கொண்டால் பட்டமே போச்சு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம், இந்த உரிமையை நம்பவே நாளாகும். என்னோடு இருந்த ஒரு பெண் இரண்டாம் வருடம் மாற்றிக்கொண்டு நல்லபடியாக முடித்தாள், அவள் முடித்த ஆய்வேட்டுப் புத்தகத்தில் துளை போட்டு, இங்குள்ள வழக்கப்படி சுவரில் ஆணி வைத்து அடித்தபோது பழைய கைடும் வந்து கை தட்டினார்.

இந்த வாரமே ஒரு நாளைக் கேட்டு வாங்கிவிடுங்கள். உங்கள் ஐஎஸ்பியில் கோர்ஸ் பகுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.