ஒரு ஸ்கூப் பொடியும் உடலின் பதிலும்: ப்ரீ-ஒர்க்அவுட் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: உடற்பயிற்சிக்கு முன் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் ப்ரீ-ஒர்க்அவுட் பொடியைக் குடித்த கால் மணி நேரத்தில் முகம், காது மடல், கைவிரல்கள் எல்லாம் ஊசி குத்துவதுபோல் சுருசுருக்கின்றன. மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்கிறார்கள் நண்பர்கள். எனக்கோ ஒவ்வாமையாக இருக்குமோ என்று பயம்.

இரண்டும் இல்லை. அந்தச் சுருசுருப்பு பீட்டா-அலனின் என்ற அமினோ அமிலத்தால் வருவது. ஏறத்தாழ 800 மில்லிகிராமுக்கு மேல் ஒரே தடவையில் உட்கொண்டால், அது தோலிலுள்ள நரம்பு நுனிகளைத் தூண்டுகிறது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் தானாக அடங்கிவிடும், கெடுதலும் இல்லை. ஆனால் அன்றைய பயிற்சிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. பீட்டா-அலனின் தசைக்குள் கார்னோசின் என்ற பொருளாகச் சேர்ந்து, கடும் உழைப்பின்போது அங்கே பெருகும் அமிலத்தன்மையைத் தணிக்கிறது. அந்த இருப்பு உயர, நாளொன்றுக்கு 3.2 முதல் 6.4 கிராம் வரை, சில வாரங்கள் தொடர்ந்து எடுக்க வேண்டும். பலனும் 1 முதல் 4 நிமிடம் வரை மூச்சுமுட்ட நீடிக்கும் முயற்சிகளில்தான் தெளிவாகத் தெரிகிறது. தோளில் கனமான எடையோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டை மூன்று முறை மட்டும் செய்துவிட்டு ஐந்து நிமிடம் ஓய்வெடுப்பவருக்கு இதனால் பெரிய ஆதாயம் இல்லை. சுருசுருப்பு பிடிக்கவில்லையென்றால் அளவைப் பிரித்துச் சாப்பிடலாம். தோலில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவை வந்தால் மட்டும் அது ஒவ்வாமை; அப்போது தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: இந்தப் பொடிகளில் உண்மையாகவே வேலை செய்வது எது?

பெரும்பங்கு காஃபின்தான். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போய், நரம்புச் செல்களில் தனக்குரிய இடங்களான ஏற்பிகளில் அமர்ந்து சோர்வை உணர்த்துகிறது. காஃபின் அந்த இடங்களைப் பிடித்துக்கொள்வதால் சோர்வின் செய்தி மழுங்குகிறது. அதாவது, காஃபின் உடலுக்குப் புதிதாகச் சக்தி எதையும் தருவதில்லை. அதே எடையை, அதே வேகத்தைக் கொஞ்சம் இலகுவாக உணரச் செய்கிறது. அதனால்தான் எடையைக் கடைசி இரண்டு முறையும் தூக்கிவிட முடிகிறது. ஆய்வுகளில் நன்கு நிறுவப்பட்ட அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் வரை. பயிற்சிக்கு முக்கால் மணி அல்லது ஒரு மணி நேரம் முன்பு. கிலோவுக்கு 9 மில்லிகிராம் என்று ஏற்றினால் திறன் மேலும் கூடுவதில்லை, படபடப்பும் கைநடுக்கமும்தான் கூடுகின்றன.

ஸ்கூப் மட்டும் ஆளைப் பார்த்து மாறுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 300 மில்லிகிராம் காஃபின் உள்ள ஒரே ஸ்கூப், 80 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு 3.75 மில்லிகிராம், 50 கிலோ எடையுள்ளவருக்கு 6 மில்லிகிராம். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரே தடவையில் 200, நாள் முழுவதற்கும் 400 மில்லிகிராம் வரை கவலையில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் கூறியது. அந்தக் கணக்கில் நீங்கள் குடிக்கும் காபியும் சேரும்.

கேள்வி: வேலை முடிந்து இரவு 7 மணிக்குத்தான் ஜிம்முக்குப் போக முடிகிறது. உடல் அசதியாக இருந்தும் தூக்கம் வருவதில்லை.

காஃபினின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறையச் சராசரியாக 5 மணி நேரம் ஆகிறது. 7 மணிக்கு 300 மில்லிகிராம் குடித்தால், நள்ளிரவில் ஏறத்தாழ 150 மில்லிகிராம் மிச்சம் இருக்கும். ஒரு குவளை வலுவான காபியைக் குடித்துவிட்டுப் படுப்பதற்கு அது சமம். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு இந்த நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். தசை தேறுவதில் உறக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், மாலைப் பயிற்சிக்குக் காஃபின் இல்லாத பொடியே போதும் என்பது என் கருத்து. எதுவுமே இல்லாமலும் போகலாம்.

கேள்வி: முன்பு ஒரு ஸ்கூப் போதும், இப்போது இரண்டு போட்டாலும் பழைய வேகம் இல்லை. மூன்றாக்கலாமா?

வேண்டாம். அன்றாடம் குடித்துப் பழகிய உடலில் அந்த முதல் நாள் விறுவிறுப்பு குறைவது இயல்பே. படிப்படியாகக் குறைத்து, கடினமான பயிற்சி நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் தலைவலி பிடித்துக்கொள்ளும். தண்ணீர் சேர்க்காமல் பொடியை அப்படியே வாயில் கொட்டிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். பொடி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

கேள்வி: லேபிளில் எட்டுப் பொருட்களின் பெயர்களைப் போட்டு, மொத்தம் 5 கிராம் என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். நம்பலாமா?

கூட்டிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். ரத்த ஓட்டத்துக்காக இப்பொடிகளில் சேர்க்கும் சிட்ருலின் மாலேட்டை ஆய்வுகளில் 6 முதல் 8 கிராம் வரை கொடுக்கிறார்கள். பீட்டா-அலனினுக்குக் குறைந்தது 3.2 கிராம் வேண்டும். இவை இரண்டுக்கே 9 கிராமுக்கு மேல் ஆகும்போது, எட்டும் சேர்ந்து 5 கிராமில் எப்படி அடங்கும்? பெயருக்குத் தூவியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இதைவிடக் கவலைக்குரியது, லேபிளில் சொல்லாமல் கலப்பது. டிஎம்ஏஏ என்ற ஊக்கப்பொருள் ஒருகாலத்தில் இத்தகைய பொடிகளில் தாராளமாக இருந்தது. ரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடியது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. போட்டிகளில் அது தடைசெய்யப்பட்ட பொருளும்கூட. காஃபின் 2004-இலேயே தடைப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டதால் அதைப் பற்றி விளையாட்டு வீரர்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியும் தனி ஆய்வகத்தில் சோதிக்கப்பட்ட பொருளை மட்டுமே வாங்க வேண்டும்.

கேள்வி: ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் சற்றுக் கூடுதலாக வந்திருக்கிறது. என் பொடியில் கிரியாட்டின் உண்டு. சிறுநீரகம் கெட்டுவிட்டதா?

தசைக்குச் சக்தி தர உதவும் கிரியாட்டின் உடலில் சிதைந்துதான், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் ஆகிறது. ஆகவே அதைச் சாப்பிடுபவருக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் அந்த எண் சற்று உயரலாம். மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தேவைப்பட்டால், கிரியாட்டினால் மாறாத சிஸ்டாட்டின்-சி என்ற ரத்தப் பரிசோதனை மூலம் அவர் உறுதிசெய்துகொள்வார்.

கேள்வி: ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பாதி ஸ்கூப் போடலாமா?

மாத்திரை எழுதித் தந்த மருத்துவரிடம் லேபிளைக் காட்டி, அவர் சரி என்று சொல்லும்வரை கால் ஸ்கூப்கூட வேண்டாம்.