அவன் அளந்த 28 விநாடி

சிவகாசியிலிருந்து போன வாரம் ஒரு அம்மா தன் மகனோடு என்னிடம் படிப்பு ஆலோசனைக்கு வந்திருந்தார். பையன் பிளஸ் டூ முடித்திருக்கிறான், கட் ஆஃப் சுமார். பெரிய மாமா ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் செயற்கை நுண்ணறிவு பி.டெக். சீட் பேசி வைத்திருக்கிறார். நான்கு வருடத்துக்கு 16 லட்சம். நகையை அடகு வைத்து முன்பணம் கட்டலாமா என்று கேட்டார் அம்மா. "இவன் எந்நேரமும் பழைய லேப்டாப்பில் ஏதோ நேரம் பார்த்துக்கொண்டே இருக்கிறான் சார், பயமா இருக்கு" என்றார்.

முதலில் நானும் ஆறுதல்தான் சொன்னேன். அப்புறம் பையன் ஒரு நோட்டை நீட்டினான். அதைப் பார்த்ததும் ஆறுதலை நிறுத்திவிட்டு, முன்பணம் கட்டக்கூடாது என்றேன்.

ஒரே லேப்டாப்பில் லினக்ஸ், விண்டோஸ் என்ற இரண்டு இயக்க முறைமைகளையும் போட்டிருக்கிறான். எந்த வேலையும் செய்யாமல் உடனே முடிந்துவிடும் ஒரு குட்டி நிரலை, ஒரே ஸ்கிரிப்டால் 1,000 முறை ஓடவிட்டிருக்கிறான். லினக்ஸில் 1.3 விநாடி. விண்டோஸில், லினக்ஸ் பாணிக் கட்டளைகளை அங்கே ஓட்ட உதவும் கிட் பாஷ் வழியாக, 28 விநாடி. பக்கத்தில் பென்சிலால் "ஏன்?" என்று எழுதியிருந்தது. ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு மறுபடி அளந்திருக்கிறான். ஒவ்வொன்றையும் ஐந்து தடவை செய்து, சராசரியை விட்டுவிட்டு நடு மதிப்பை எடுத்திருக்கிறான். இதை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அம்மா, உங்கள் மகன் கேட்பது சின்னக் கேள்வி இல்லை. லினக்ஸில் ஃபோர்க் என்ற அழைப்பு, ஓடும் நிரலை அப்படியே இன்னொன்றாகப் பிரிக்கிறது. நினைவகத்தை உடனே நகலெடுக்காமல், நினைவகத்தின் எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று குறிக்கும் பக்க அட்டவணையை மட்டும் நகலெடுக்கும். யாராவது எழுதும்போதுதான் அந்தப் பக்கம் தனியாகும். விண்டோஸின் சாதாரண நிரல்களுக்கு அந்த வழி கிடையாது. கிட் பாஷ் அதைப் பாவனை செய்ய வேண்டியிருப்பதால்தான் இவ்வளவு நேரம்.

இந்தச் செலவு இணையத்தில் பெரிதாகத் தெரியும். 1993-இல் வந்த சிஜிஐ முறையில், இணையதளத்துக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு புதுப் புராசஸ், அதாவது ஓடும் நிரல், பிறக்க வேண்டும். கூட்டம் வந்தால் அந்தப் பிறப்புச் செலவிலேயே சர்வர் மூச்சுத் திணறும். அதனால்தான் ஒரே புராசஸைப் பல கோரிக்கைகளுக்குப் பயன்படுத்தும் ஃபாஸ்ட்சிஜிஐ வந்தது, அப்பாச்சி என்ற இணைய சர்வரும் பிஎச்பி நிரல்களை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மும் புராசஸ்களை முன்கூட்டியே எழுப்பி நிறுத்தி வைக்கின்றன. பெரிய நிரல் என்றால் ஃபோர்க்கும் கனக்கும்: நினைவகத்திலேயே தரவை வைத்திருக்கும் ரெடிஸ் என்ற தரவுத்தளம் 24 ஜிபி வைத்துக்கொண்டு ஒருமுறை பிரிய, பக்க அட்டவணை மட்டுமே ஏறக்குறைய 48 எம்பி நகலாக வேண்டும். 2018-இல் அமேசான் வெளியிட்ட ஃபயர்கிராக்கர் ஒரு குட்டி மெய்நிகர் கணினியை 125 மில்லி விநாடியில் எழுப்புகிறது. அதுவும் இதே கவலையிலிருந்து வந்ததுதான்.

இதை அளந்து, எங்கே நேரம் போகிறது என்று சொல்பவர்களைச் செயல்திறன் பொறியாளர் என்கிறார்கள். சொந்தக்காரர்கள் யாரும் இந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள், சீட் விற்பவர்களும் சொல்ல மாட்டார்கள். மற்ற வழிகளைப் பற்றி ஊரே பேசுகிறது, நான் விட்டுவிடுகிறேன்.

அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் போதும். மூன்று வருடமும் இயக்க முறைமையை ஆழமாகப் படிக்கட்டும், சி மொழியைக் கைவிடாமல் எழுதட்டும். எல்எம்பெஞ்ச் என்று 1990-களிலிருந்து இருக்கும் இலவசக் கருவி, ஃபோர்க் மட்டும், ஃபோர்க்கோடு எக்ஸெக் (பிரிந்த இடத்தில் புது நிரலை ஏற்றுவது), ஷெல் எனும் கட்டளை ஓட்டி வழியாக என்று மூன்றையும் தனித்தனியாக அளக்கும். அவன் நோட்டில் இந்த மூன்றும் கலந்து கிடக்கின்றன, அதைப் பிரித்து மறுபடி அளக்கச் சொல்லியிருக்கிறேன். நிரல் இயக்க முறைமையிடம் என்ன கேட்கிறது என்று காட்டும் எஸ்ட்ரேஸ், நேரம் எங்கே போகிறது என்று காட்டும் பெர்ஃப், இரண்டு கருவிகளும் அடுத்து. 18 வயதானதும், திறந்த மூல மென்பொருளுக்கு நிரல் எழுதும் கூகுள் சம்மர் ஆஃப் கோடு திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம், தேர்வாகி வேலையை முடித்தால் உதவித்தொகை உண்டு. பட்டம் முடித்து டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.சி.ஏ.வுக்கும் போகலாம்.

செலவைப் பொறுத்தவரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அடகு வைத்த நகைக்கு நான்கு வருடமும் வட்டி ஓடும், அவன் மனமில்லாமல் படித்தாலும் ஓடும். மாமாவிடம் நீங்களே பேசத் தயங்கினால் என் எண்ணைக் கொடுங்கள், நான் பேசுகிறேன். லேப்டாப்புக்கு மட்டும் கூடுதலாக 8 ஜிபி ரேம் வாங்கிப் போடுங்கள். அடுத்த சனிக்கிழமை வரும்போது நோட்டையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள், மூன்று அளவுகளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.