லீவு நாள் பட்டறை: அக்கா பதில்கள்

கேள்வி: அக்கா, பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வாரத்தில் ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. துணி துவைத்து நிமிர்வதற்குள் அதுவும் போய்விடுகிறது. நீங்கள் மட்டும் எப்படி வீட்டு ரிப்பேர், சமையல், எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் ஒரே நாளில் செய்கிறீர்கள்? போன ஞாயிறு என்ன செய்தீர்கள் என்று ஒன்று விடாமல் சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: தங்கச்சி, நானும் வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போகிறவள்தான். கோவையில் ஒரு மோட்டார் வைண்டிங் பட்டறையில் 19 வருடமாகக் காயில் சுற்றுகிறேன். அதனால் உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது.

போன ஞாயிறு எனக்குச் சனிக்கிழமை சாயங்காலமே ஆரம்பித்துவிட்டது. எங்கள் பக்கம் ஹார்டுவேர் கடைகள் பாதி ஞாயிற்றுக்கிழமை திறக்காது. குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு வாசர் இல்லை என்று நின்றால் அன்றைக்குப் பூராவும் வீட்டில் தண்ணீர் கிடையாது. வேலை முடிந்து வரும் வழியிலேயே அரை இஞ்ச் வாசர் நான்கு, குழாய் மரையில் சுற்றுகிற டெஃப்லான் டேப் ஒன்று, கசிவை அடைக்கிற எம்சீல் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு எழுந்ததும் முதல் வேலையாக அரிசியை ஊறவைத்தேன். இட்லி அரிசி நான்கு டம்ளர், உளுந்து ஒரு டம்ளர், வெந்தயம் ஒரு ஸ்பூன். என் முறை இதுதான்: தானாக நடக்கிற வேலையை முதலில் தொடங்கிவிட வேண்டும். அரிசி ஊறுவதற்கு நாம் பக்கத்தில் நிற்க வேண்டாம். சோப்புத் தண்ணீரில் துணி ஊறுவதற்கும், எம்சீல் இறுகுவதற்கும் வேண்டாம். நாள் பத்தவில்லை என்று சொல்கிறவர்களில் பலர் இந்த வேலைகளை மத்தியானத்துக்கு மேல்தான் தொடங்குகிறார்கள். அப்புறம் சாயங்காலம் எல்லாமே அரைகுறையாக நிற்கும்.

ஆறரைக்கு சமையலறை சிங்க்குக்கு அடியில் உட்கார்ந்தேன். கழிவுக் குழாய் ஜாயிண்டில் கசிவு. ஈரத்தைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, எம்சீலின் இரண்டு பகுதியையும் சம அளவு எடுத்துப் பிசைந்தேன். வெள்ளைக் கோடு, கறுப்புக் கோடு எதுவும் தெரியாமல் ஒரே நிறமாக வரும்வரை பிசைய வேண்டும். கோடு தெரிந்தால் அந்த இடம் இறுகாது. ஒட்டிவிட்டு, மறுநாள் காலை வரை சிங்க்கில் யாரும் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று சொல்லிவிட்டேன். பாத்திரமெல்லாம் கொல்லைப்பக்கம் போனது.

அடுத்தது குளியலறைக் குழாய். இரண்டு வாளி தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு, மாடிக்குப் போய் கேட் வால்வை மூடினேன். குழாயின் தலையைக் கழற்றி, பழைய வாசரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். நடுவில் வட்டமாக ஒரு பள்ளம், ஒரு ரூபாய்க் காசை மாவில் அழுத்தி எடுத்த மாதிரி. அந்தப் பள்ளம் ஒரு ஓரத்தில் மட்டும் பிளந்திருந்தது. மூன்று வாரமாக ராத்திரியெல்லாம் சொட்டியது அந்தப் பிளவு வழியாகத்தான். சொட்டச் சொட்ட நாம் இன்னும் இறுக்கி மூடுகிறோம், பள்ளம் இன்னும் ஆழமாகிறது. புது வாசரைப் போடுவதற்கு முன்னால், அது உள்ளே போய் உட்காரும் பித்தளை விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் புது வாசரையும் சீக்கிரம் கிழித்துவிடும். எனக்கு வழவழப்பாக இருந்தது. கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

பத்தரைக்கு மாவு. உளுந்தை முதலில் போட்டு, குளிர்ந்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து நாற்பது நிமிடம் அரைத்தேன். கிரைண்டர் ஓடும்போதே மதியச் சாப்பாடு. இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை என் எலக்ட்ரானிக்ஸ் மேஜையும் நானும் மட்டும்தான். அந்த மூன்று மணி நேரத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

துணியை விட்டுவிட்டேன் பாருங்கள். எங்கள் வீட்டில் மகன் ஊறவைப்பான், அவர் கும்மி அலசிக் காயப்போடுவார். முதலில் இப்படி இல்லை. உட்கார்ந்து பேசித்தான் இதுவரை வந்தது. நீங்களும் வீட்டில் பேசித்தான் ஆக வேண்டும், தங்கச்சி. உங்கள் கேள்விக்கு இதுதான் முக்கியமான பதில் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: வேலை செய்கிற நாளில் என்ன சமைப்பீர்கள்? ஓட்டலில் வாங்கிவிடுவீர்களா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: எங்கள் கொங்குப் பக்கத்து அரிசியும் பருப்பும் சாதம் இருக்கும்போது ஓட்டல் எதற்கு? பொன்னி அரிசி இரண்டு டம்ளர், துவரம்பருப்பு அரை டம்ளர், இரண்டையும் கழுவி ஊறவிடுங்கள். குக்கரில் எண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, இருபது சின்ன வெங்காயம், எட்டுப் பல் பூண்டு, ஒரு தக்காளி போட்டு வதக்குங்கள். வெங்காயத்தை நறுக்க வேண்டாம், முழுசாகவே போடலாம். மஞ்சள்தூள், நுணுக்கிய மிளகு, உப்பு சேர்த்து, ஏழு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொதித்ததும் அரிசி பருப்பைப் போட்டு மூடி மூன்று விசில். விசிலைத் தூக்கிவிட்டு அவசரமாகத் திறக்காதீர்கள். ஆவி தானாக அடங்கும்வரை விட்டால்தான் சாதம் குழையாமல் ஒன்றுசேர்ந்து வரும். தட்டில் போட்டு மேலே நெய், பக்கத்தில் அப்பளமும் தயிரும். ஒரே பாத்திரம்தான் கழுவ வேண்டும், சிங்க் மூடியிருந்த அன்றைக்கு அது பெரிய உதவி.

கேள்வி: எங்கள் வீட்டு மின்விசிறி 5-ல் வைத்தாலும் மெதுவாகத்தான் சுற்றுகிறது. எலக்ட்ரீசியன் மோட்டார் போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்கிறார். வாங்கிவிடலாமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பொறுங்கள் அண்ணா. என் வேலையே இது என்பதால் சொல்கிறேன். மெதுவாகச் சுற்றுகிற பழைய விசிறியில் பெரும்பாலும் வைண்டிங் நன்றாகத்தான் இருக்கும், மோட்டார் சுழல உதவுகிற கண்டன்சர் என்ற சின்னப் பாகம்தான் வலுவிழந்திருக்கும். சீலிங் ஃபேனில் வழக்கமாக இருப்பது 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் கண்டன்சர். வருடக் கணக்கில் சூட்டில் இருந்து அதன் அளவு இறங்கிவிடும். எங்கள் பட்டறை மீட்டரில் ஒன்றைப் பார்த்தபோது 1.4 காட்டியது. அந்த விசிறி, நீங்கள் சொன்னபடியேதான் சுற்றிக்கொண்டிருந்தது.

வீட்டிலேயே சோதிக்க இரண்டு வழி இருக்கிறது. சுவிட்சை அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். சத்தமில்லாமல் நிதானமாகச் சுற்றி நின்றால் பேரிங் சரி. கரகரவென்று உடனே நின்றால் பேரிங்கைத்தான் மாற்ற வேண்டும், கண்டன்சர் மாற்றிப் பயனில்லை. இரண்டாவது, சாயங்காலம் ஏழு மணிக்கு மட்டும் மெதுவாகி, விடியற்காலையில் வேகமாகச் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் லைனில் வோல்டேஜ் குறைகிறது, விசிறியைக் குறை சொல்ல வேண்டாம்.

கண்டன்சர் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். பழையதில் எழுதியிருக்கிற அதே மைக்ரோஃபாரட்தான் வாங்க வேண்டும். கூடுதலாகப் போட்டால் வேகம் வரும் என்று சிலர் 4 போடச் சொல்வார்கள், செய்யாதீர்கள். வைண்டிங் சூடேறும், அப்புறம் விசிறி நிஜமாகவே என்னிடம்தான் வரும். மாற்றும்போது சுவிட்சை நம்பாமல் மெயினையே அணையுங்கள். கண்டன்சரின் இரண்டு முனையையும் பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரால் ஒருமுறை தொட்டுவிட்ட பிறகுதான் கையை வைக்க வேண்டும். உயரத்தில் வேலை என்பதால் ஸ்டூலைப் பிடிக்க ஒரு ஆள் கட்டாயம்.

கேள்வி: டெஃப்லான் டேப் சுற்றியும் ஒழுகுகிறதே, ஏன்?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: திசை மாறியிருக்கும். மரை உங்களைப் பார்த்து இருக்கும்படி பிடித்து, கடிகாரம் சுற்றும் பக்கமாகச் சுற்றுங்கள். மறுபக்கம் சுற்றினால் முறுக்கும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும்.

கேள்வி: அக்கா, நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொள்ள ஆசை. கையில் 200 ரூபாய் இருக்கிறது. முதலில் எதைச் செய்வது?
– ஒரு மாணவி, ஈரோடு

பதில்: தண்ணீர்த் தொட்டி அலாரம் செய் கண்ணு. எரிந்து எரிந்து அணைகிற பல்பு நான்கு நாளில் சலித்துவிடும். தொட்டி அலாரம் வீட்டில் எல்லோருக்கும் உதவும், அம்மா அதை அணைக்கும்போதெல்லாம் உன்னை நினைப்பார்.

தேவை: பிசி 547 டிரான்சிஸ்டர் இரண்டு, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, சின்ன பஸ்ஸர், 9 வோல்ட் பேட்டரி, ஒரு சுவிட்ச், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு இரண்டு, தொட்டி வரை எட்டும் ஒயர். டிரான்சிஸ்டரின் தட்டையான முகம் உன்னைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். பேட்டரி பிளஸிலிருந்து சுவிட்ச் வழியாக ஒரு ஒயர் முதல் திருகுக்கும், இன்னொன்று பஸ்ஸரின் பிளஸுக்கும் போகும். இரண்டாவது திருகிலிருந்து ரெசிஸ்டர் வழியாக முதல் டிரான்சிஸ்டரின் பேஸ். அதன் எமிட்டர், இரண்டாவது டிரான்சிஸ்டரின் பேஸில். இரண்டு கலெக்டரையும் சேர்த்து பஸ்ஸரின் மைனஸில். இரண்டாவதின் எமிட்டர் பேட்டரி மைனஸில். அவ்வளவுதான். தண்ணீர் ஏறி இரண்டு திருகையும் தொட்டால், தண்ணீர் வழியாகத் துளியூண்டு கரண்ட் பேஸுக்குப் போகும். டிரான்சிஸ்டர்கள் அதைப் பெருக்கி பஸ்ஸரைக் கத்த வைக்கும்.

எதற்கு இரண்டு டிரான்சிஸ்டர் என்று கேட்பாய். நான் முதலில் ஒன்றுதான் போட்டேன். மேஜையில் போர்த் தண்ணீர் டம்ளரில் சோதித்தபோது காதைத் துளைத்தது. மாடித் தொட்டியில் மாட்டியதும் முனகியது. அரை நாள் இணைப்பையெல்லாம் தடவிப் பார்த்த பிறகுதான் புரிந்தது, எங்கள் தொட்டியில் இருப்பது சிறுவாணித் தண்ணீர். உப்பு குறைவு, அதனால் கரண்ட் அதில் கஷ்டப்பட்டுத்தான் போகும். இரண்டாவது டிரான்சிஸ்டர் சேர்த்ததும் சரியானது. இதற்கு டார்லிங்டன் ஜோடி என்று பெயர். உங்கள் வீட்டுத் தண்ணீரிலும் உப்புத் தண்ணீரிலும் மாற்றி மாற்றிச் சோதித்துப் பார், பாடத்தில் படிக்கிற மின்கடத்தல் கண்ணுக்குத் தெரியும்.

திருகுக்குப் பதில் செம்புக் கம்பி போடாதே. பிளஸ் பக்கம் இருக்கிற கம்பி பச்சை பூத்து அரித்துவிடும். தொட்டிக்கு மேலே தனியாக ஏறாதே, அப்பாவையோ அண்ணனையோ கூட வைத்துக்கொள்.

கேள்வி: ஈயத்தை உருக்கி ஒயரை ஒட்டுகிற சோல்டரிங்கைச் சமையலறை மேஜையிலேயே செய்கிறேன். அந்தப் புகை ஆபத்தா?
– ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: புகையில் வருவது ஈயம் இல்லை, சோல்டர் நன்றாகப் பிடிப்பதற்காகச் சேர்க்கிற ஃப்ளக்ஸில் இருக்கிற ரோஸின் என்ற பிசின். சாதாரண ஈயக் கலவை சோல்டர் 183 டிகிரியில் இளக ஆரம்பிக்கும், அந்தச் சூட்டில் ஈயம் ஆவியாகாது. ஆனால் ரோஸின் புகை மூச்சுக்குழாயை உறுத்தும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. ஜன்னலைத் திறந்து, ஒரு சின்ன ஃபேனைப் புகையை வெளியே இழுக்கும்படி வையுங்கள்.

எனக்கு அதைவிடக் கவலை உங்கள் மேஜை. ஈயம் கையிலும் மேஜையிலும் ஒட்டும், அங்கிருந்து சாப்பாட்டோடு வாய்க்குப் போகும். தயவுசெய்து இடத்தை மாற்றுங்கள். ஒரு பழைய பலகை போதும், அதைச் சமையலறைக்குள் கொண்டுபோகவே கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் ஒரு முறுக்கைக்கூடத் தொடாதீர்கள். குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் இதில் சலுகையே கிடையாது.

கேள்வி: தாத்தாவின் டிரான்சிஸ்டர் ரேடியோ பத்து வருடமாகப் பரணில் கிடந்தது. திறந்தால் பேட்டரி பெட்டி முழுக்க செல் ஒழுகிக் காய்ந்திருக்கிறது. உயிர் கொடுக்க முடியுமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: முடியும் என்றே நினைக்கிறேன் அம்மிணி. நம் ஊரில் ரேடியோவுக்குப் போட்டதெல்லாம் பெரும்பாலும் நடுவில் கார்பன் கட்டை இருக்கிற சாதாரண செல். அது ஒழுகினால் அமிலத் தன்மை. அதனால் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். வினிகர் போடச் சொல்வார்கள், அது ஆல்கலைன் செல் ஒழுகினால்தான் சரி. ஸ்பிரிங் கறுத்திருந்தால் உப்புத்தாளால் பளபளப்பு வரும்வரை தேயுங்கள். ஒடிந்திருந்தால் புது ஸ்பிரிங் சோல்டர் செய்துவிடலாம். வால்யூம் திருகும்போது கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு இருபது முறை முன்னும் பின்னும் திருகுங்கள்.

ஒரே இடத்தில் மட்டும் மிகவும் ஜாக்கிரதை. உள்ளே கறுப்பாக ஒரு ஃபெரைட் குச்சி, அதன் மேல் காயில் சுற்றியிருக்கும். அதுதான் ஆண்டெனா. அந்தக் கம்பியை விரலில் பிடித்துப் பார்த்தால் நூல் மாதிரி இருக்கும், உண்மையில் அது தலைமுடியைவிட மெல்லிய பல இழைகளின் புரி. ஒரு முனை அறுந்தால் இழை ஒவ்வொன்றின் எனாமலும் போன பிறகுதான் சோல்டர் பிடிக்கும். இரண்டு இழை விட்டுப்போனாலும் ஸ்டேஷன் மங்கும். காயில் சுற்றிப் பழகிய எனக்கே அதைத் தொடும்போது மூச்சு நிற்கும். அந்தப் பக்கம் போகாமல் வேலையை முடியுங்கள்.

சுத்தம் செய்து புது செல் போட்டதும், வீட்டில் எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீடியம் வேவில் முள்ளை 936-க்குக் கொண்டுபோங்கள். எங்கள் அப்பா கரூரில் திருச்சி வானொலியை வைத்த இடம் அது. சத்தம் மெலிசாக இருந்தால் பெட்டியையே மெல்லச் சுற்றித் திருப்புங்கள், குச்சி சரியான திசைக்கு வந்ததும் குரல் எழும்பும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் மீடியம் வேவில் தூரத்து ஸ்டேஷன்களும் வரும், முள்ளை அவசரப்படாமல் ஓட்டிப் பாருங்கள். என்ன கேட்டது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.