அப்பா பெயரில் உள்ள படகை விற்பதற்கு முன்

கேள்வி: அப்பா இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமானார். அவர் பெயரில் 30 அடி ஃபைபர் படகும் அவுட்போர்டு இன்ஜினும் (படகுக்கு வெளியே மாட்டுவது) இருக்கின்றன. தம்பி கம்பெனி வேலைக்குப் போய்விட்டதால் படகு கரையிலேயே கிடக்கிறது. பழவேற்காட்டைச் சேர்ந்த ஒருவர் 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குக் கேட்கிறார். தடைக்காலம் முடிவதற்குள் படகு வேண்டுமாம். அம்மா ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். அம்மாவுக்குச் சம்மதம். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. என்ன செய்வது? (திருவொற்றியூர் வாசகி)

உங்கள் மனம் ஒப்பாதது மிகச் சரி. வாங்குபவர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டியதில்லை. அவருடைய அவசரம் நியாயமானதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் (உள்ளே இன்ஜின் பொருத்திய பெரிய படகுகள்) கரையில் நிற்கும்போது, ஃபைபர் படகில் பிடித்து வரும் மீனுக்குத்தான் நல்ல விலை. ஒவ்வொரு நாளும் அவருக்குப் பணம். ஆனால் அந்த அவசரத்துக்கான விலையை உங்கள் குடும்பம் கொடுக்கக் கூடாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படகு இன்றும் உங்கள் அப்பா பெயரில் இருக்கிறது. இறந்தவர் விற்க முடியாது. அவருக்காக அம்மா தனியாகவும் விற்க முடியாது. படகு இப்போது வாரிசுகள் எல்லோருக்கும் சொந்தம். அந்த எல்லோரும் யார் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நீங்கள் இந்துக் குடும்பம் என்றால் அம்மா, நீங்கள், தம்பி ஆகியோரோடு அப்பாவைப் பெற்ற பாட்டியும் முதல் வகுப்பு வாரிசு. பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் சம பங்கு உண்டு. மூலையில் உட்கார்ந்திருக்கும் கிழவியை யாரும் கேட்பதில்லை. பிறகு சித்தப்பாவோ அத்தையோ பாட்டி சார்பில் வந்து நிற்கும்போதுதான் நினைவு வருகிறது. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கணக்கு வேறு. அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இருக்கும்போது பாட்டிக்குப் பங்கு இல்லை.

ஆகவே வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழிலிருந்து தொடங்குங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதத்தோடு, மீன்வளத் துறையில் பதிவை அம்மா பெயருக்கு மாற்றுங்கள். பிறகு அம்மா விற்கட்டும். இரண்டு படியாக இருக்கிறதே என்று சலிக்க வேண்டாம். ஒரே படியில் தாண்டப் பார்த்தவர்கள்தான் பிறகு அலுவலக வாசலில் மாதக்கணக்கில் நிற்கிறார்கள்.

சான்றிதழ் வருவதற்குள் படகருகே போய் ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். பதிவுச் சான்றை ஒரு கையில் வைத்துக்கொண்டு படகின் நீளம், அகலம், ஆழம், பக்கவாட்டில் எழுதிய பதிவு எண் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஐ.என்.டி., டி.என். என்று தொடங்கும் அந்த எண்ணில் உங்கள் படகுக்கு எம்.ஓ. என்று இருக்க வேண்டும்; எம்.எம். என்பது விசைப்படகுக்கு. அடுத்து இன்ஜின் எண். வடசென்னைக் குப்பங்களில் நான் பார்த்த படகுகளில் பாதிச் சிக்கல் இங்கேதான். பழைய இன்ஜின் பழுதாகிப் புதிது மாட்டியிருப்பார்கள். பதிவில் பழைய எண்ணே இருக்கும். உப்புக் காற்றில் தகடு அரித்து எண் தெரியாமலும் போயிருக்கும். அப்பா வைத்திருந்த பழைய ரசீதுகளைத் தேடி எடுங்கள். எண் மாறியிருந்தால் பெயர் மாற்றத்தோடு அதையும் திருத்தச் சொல்லுங்கள்.

படகோ இன்ஜினோ மானியத்தில் வாங்கியதா? அப்படியானால் அனுமதி ஆணையில் இத்தனை ஆண்டுகள் விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கலாம், படித்துப் பாருங்கள். வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கடன் இருந்திருந்தால் நிலுவை இல்லை என்ற கடிதம் வேண்டும். கடனை அப்பா அடைத்துவிட்டார் என்று அம்மா சொல்வது போதாது.

இனி விற்பனைப் பத்திரம். 2024 முதல் ஒப்பந்தத்துக்கு 200 ரூபாய் முத்திரைத்தாள். பழைய 20 ரூபாய்த் தாளில் எழுத வேண்டாம். படகின் அடையாளங்கள், இன்ஜின் எண், விலை, சாட்சிகள் எல்லாம் வழக்கம்போல. இரண்டு விஷயங்களை மட்டும் வலியுறுத்துவேன். வலை, நங்கூரம், ஐஸ் பெட்டி, ஜி.பி.எஸ். கருவி ஆகியவற்றில் எது விலையில் சேர்ந்தது, எது சேரவில்லை என்று பெயர் சொல்லி எழுதுங்கள். வலைக்காகவே உறவு முறிந்த கதைகள் நம் கரையில் நிறைய. அடுத்து, படகை ஒப்படைத்த தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள். மாலையில் வாங்கியவர் அன்று இரவே கடலுக்குப் போவார். அந்த நிமிடத்துக்குப் பிறகு நடப்பது அவர் பொறுப்பு என்று தாள் சொல்ல வேண்டும். படகின் அடியில் ஒட்டுப் போட்ட விரிசல் இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்; கடலில் போகிறவர் உயிர் அதில் இருக்கிறது.

பணத்தை வங்கி வழியாகவே வாங்குங்கள். ஒரே விற்பனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் பெற்றவருக்குத்தான் அதே அளவு தொகை அபராதம்.

பத்திரத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பதிவேட்டில் பெயர் மாறும்வரை கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பழைய உரிமையாளர்தான். 2008 மும்பைத் தாக்குதலில் வந்தவர்கள் போர்பந்தரைச் சேர்ந்த ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகைக் கடத்தித்தான் கரையை நெருங்கினார்கள். அதன் பிறகு எந்தப் படகு யாருடையது என்பதைக் காவல்துறையும் கடலோரக் காவல் படையும் சாதாரணமாக விடுவதில்லை. எண்ணூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் படகை விற்று இரண்டு ஆண்டுகள் ஆன பிறகு, அது ஆந்திரக் கரையில் பிடிபட்டதற்காக விசாரணைக்கு அழைக்கப்பட்டார். கையில் ஒரு வெள்ளைத்தாள் மட்டுமே இருந்தது.

இதன் மறுபக்கத்தை வாங்குபவரிடம் நீங்களே சொல்லுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய் அரசு அறிவித்தது. அப்படி ஒரு நிவாரணம் வரும் நாளில் முதல் கேள்வியே பதிவு யார் பெயரில் என்பதுதான். காப்பீடும் அப்படியே. 1963-ஆம் ஆண்டு கடல்சார் காப்பீட்டுச் சட்டப்படி, படகு கைமாறினால் பாலிசி தானாகக் கைமாறாது. காப்பீட்டு நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டும். இதைக் கேட்டால் பழவேற்காட்டுக்காரரே உங்களைவிட வேகமாக அலுவலகத்துக்கு வருவார். அவர் திருவள்ளூர் மாவட்டம் என்பதால் இரண்டு மாவட்ட அலுவலகங்களிலும் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு வேறு, 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படியான மீன்பிடி உரிமம் வேறு. இரண்டும் மாற வேண்டும்.

மானிய எரிபொருள் அட்டை இருந்தால் அதைப் படகோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள், துறையிடம் ஒப்படையுங்கள். வெற்றுத்தாளில் அம்மா எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்துப் போடக் கூடாது. ஊர் நிர்வாகிகள் முன்னிலையில் ஒரு சிறு முன்பணம் மட்டும் வாங்கி, எத்தனை நாள் அவகாசம் என்று எழுதிக்கொள்ளுங்கள். பதிவை வாங்குபவர் பெயருக்கு மாற்றும் விண்ணப்பத்துக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிய பிறகு படகு கரையை விட்டுக் கிளம்பட்டும்.

நாளை காலை அப்பாவின் இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போய் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். பாட்டி இருக்கிறார் என்றால் அவருடைய ஆதாரையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.