கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டும் அண்ணனின் ஒப்பந்தமும்

போன வாரம் தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டிலிருந்து ஒரு குடும்பம் மேல்படிப்பு பற்றிப் பேச என்னிடம் வந்தது. அப்பா தக்காளி விவசாயி. கூடவே அம்மா, ப்ளஸ் டூ முடித்த மகள், அப்புறம் ஓசூரில் வேலை பார்க்கும் தாய்மாமா. மாமாதான் பேச்சைத் தொடங்கினார். கோவைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி முடித்தாயிற்று. விடுதியோடு நாலு வருடத்துக்கு 12 லட்சம். ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும். நானும் ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொன்னால் அக்கா மனசு தேறும் என்று அழைத்து வந்திருந்தார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் கவலை சீட் பற்றியது இல்லை, மூத்த மகனைப் பற்றியது. கப்பலில் கடைநிலைப் பணியாளராகச் சேர்வதற்கான ஜி.பி. ரேட்டிங் பயிற்சி முடித்து எண்ணெய்க் கப்பலில் எஞ்சின் அறை வேலைக்குப் போனவன். செங்கடலில் கப்பலை ட்ரோன் தாக்கியபோது வலது கை சிதைந்துவிட்டது. அடிபட்டு ஆறு மாதம் ஆகிறது. “போரில் நடந்தது, கம்பெனி பொறுப்பேற்காது” என்று ஆளெடுத்த ஏஜென்ட் போனில் சொல்லிவிட்டாராம்.

நானும் முதலில் ஆறுதல்தான் சொன்னேன். அப்போது மகள் பையிலிருந்து அண்ணனின் வேலை ஒப்பந்தத்தையும், இணையத்தில் எடுத்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் சில பக்கங்களையும் எடுத்து வைத்தாள். ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. “சார், கம்பெனிக்குப் பொறுப்பில்லைன்னு சொல்ல மூணு காரணம்தான் போட்டிருக்கு. கப்பல் வேலைக்கு வெளியில அடிபட்டா, வேணும்னே தப்பு பண்ணி அடிபட்டா, சேரும்போதே நோயை மறைச்சிருந்தா. இதுல போர்னு எங்கயும் இல்லையே?”

ஆறுதலை அத்தோடு நிறுத்திவிட்டு மாமாவிடம் நேராகச் சொன்னேன்: இந்தப் பெண்ணைக் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்க்காதீர்கள். கணக்கில் 58, ஆங்கிலத்திலும் தமிழிலும் 90க்கு மேல். கணக்குப் பிரிவை எடுக்க வைத்ததும் உறவுக்காரர்கள்தான். “பெங்களூரு பக்கத்துல இருக்கு, ஐ.டி.ல போனா செட்டிலாயிடுவா” என்கிறார்கள். அவளோ யாரும் சொல்லாமலே ஒரு சர்வதேச உடன்படிக்கையைப் படித்து, அதில் எந்தச் சொல் இல்லை என்று கண்டுபிடித்திருக்கிறாள். இந்தக் குணத்தைப் பார்த்த பிறகும் 12 லட்சம் கொடுத்து வேறு பக்கம் திருப்பினால் அது அவளுக்குச் செய்யும் தீங்கு.

அவள் படிக்க வேண்டியது சட்டம். அதிலும் கடல்சார் சட்டம். தர்மபுரிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்பா கேட்டார். உங்கள் மகன் கையைப் பாருங்கள் அண்ணே, சம்பந்தம் தெரியும் என்றேன்.

இந்த வேலையில் என்னதான் இருக்கிறது என்பதற்கு அண்ணனின் வழக்கையே எடுத்துக்கொள்வோம். அந்த உடன்படிக்கை 2006இல் உருவானது; இந்தியா 2015இல் ஏற்றது. அதன்படி காயம்பட்டவரின் மருத்துவச் செலவை முதலாளி ஏற்க வேண்டும். ஒரு நாடு அதற்குக் காலவரம்பு வைத்தாலும் 16 வாரத்துக்குக் குறைக்க முடியாது. போர் ஆபத்துப் பகுதி என்று தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் கூடி அறிவித்த இடத்தில், அவர்களின் கூட்டு ஒப்பந்தத்துக்குக் கீழ் வரும் கப்பல் என்றால், அடிப்படைச் சம்பளத்துக்குச் சமமான போனஸ் உண்டு. மரணத்துக்கும் ஊனத்துக்கும் இழப்பீடு இரட்டிப்பு. அங்கே போக மாட்டேன் என்று மறுத்து, கம்பெனி செலவில் ஊர் திரும்பும் உரிமையும் உண்டு. அப்படியானால் முதல் கேள்வி, தாக்குதல் நடந்த நாளில் கப்பல் அந்தப் பகுதிக்கு உள்ளே இருந்ததா? அதைக் கப்பலின் நாட்குறிப்பிலிருந்து எடுக்க வேண்டும். இரண்டாவது, பணம் யார் தருவது? கப்பல் முதலாளிகளின் வழக்கமான பொறுப்புக் காப்பீடு போர் ஆபத்தைப் பொதுவாக விலக்கி வைக்கும். அதற்குத் தனிக் காப்பீடு இருக்கும். ஏஜென்ட் “பொறுப்பில்லை” என்றதற்கு அர்த்தம், கேட்க வேண்டிய கதவு வேறு என்பதாகக்கூட இருக்கலாம்.

கப்பலோடு பிடிபட்ட மாலுமிகளின் விஷயம் இன்னும் சிக்கலானது. கடற்கொள்ளையரிடமோ கப்பலில் புகுந்த ஆயுதக் கொள்ளையரிடமோ சிக்கியவருக்கு, விடுதலையாகி ஊர் சேரும்வரை ஒப்பந்தமும் சம்பளமும் தொடரும் என்று 2018இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, 2020 டிசம்பரில் நடைமுறைப்படுத்தினார்கள். ஆனால் கொள்ளை என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் ‘சொந்த ஆதாயத்துக்காக’ என்ற நிபந்தனை இருக்கிறது. 2023 நவம்பரில் ஏமனின் ஆயுதக் குழுவான ஹூதிகள் செங்கடலில் கேலக்ஸி லீடர் கப்பலைப் பிடித்தார்கள். அதிலிருந்த 25 பேர் 2025 ஜனவரியில்தான் வெளியே வந்தார்கள். பிடித்தவர்கள் சொன்ன காரணம் அரசியல், காசாப் போர். அப்படியானால் அந்தத் திருத்தம் பொருந்துமா, இல்லை அவரவர் ஒப்பந்தத்தின் வாசகத்தைத்தான் நம்ப வேண்டுமா? 14 மாதச் சம்பளம் இந்த ஒரு கேள்வியில் நிற்கிறது. இதை வாதாட ஆள் வேண்டாமா?

நம் நாட்டுக்கு இது புதிதும் இல்லை. 2025 வரை நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கப்பல் பணியாளர்களுக்கென்றே எழுதப்பட்டது. போரில் காயம்பட்ட, சிறைப்பட்ட இந்திய மாலுமிகளுக்கான 1942ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தின் பெயர் அதிலேயே இருந்தது. மாலுமி இறந்தால், செய்தி குடும்பத்துக்குக் கிடைத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் இழப்பீடு கோரலாம் என்றது அந்தப் பிரிவு. கப்பலே எல்லோரோடும் மூழ்கியிருந்தால் 18 மாதம். செய்தி தாமதமாக வரும் என்று தெரிந்தவர்கள் எழுதிய சட்டம் அது.

எனக்கு மிகவும் பிடித்தது 2017ஆம் ஆண்டுக் கடல்சார் உரிமைக் கோரிக்கைச் சட்டம். சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அதில் அதிகாரம் உண்டு. சம்பளம் வராத மாலுமிக்காக மனு போட்டு, துறைமுகத்தில் நிற்கும் கப்பலையே நகரவிடாமல் சிறைபிடிக்க உத்தரவு வாங்கலாம். கப்பலை விற்ற பணத்தில் மாலுமிகளின் சம்பள பாக்கிக்கு முதலிடம், உயிரிழப்புக்கும் காயத்துக்கும் அடுத்த இடம். பாலக்கோட்டுப் பெண் ஒருத்தி போடும் மனுவில் ஒரு எண்ணெய்க் கப்பல் நிற்கும்.

சரி, படிப்புச் செலவு. தர்மபுரியிலேயே அரசு சட்டக் கல்லூரி 2017 முதல் இருக்கிறது. ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி. படிப்புக்கு ப்ளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. நுழைவுத் தேர்வு கிடையாது. ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களைத் தாண்டாது. பாலக்கோட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். முடித்த பிறகு வழக்கறிஞர் பதிவுக்குப் பொதுப் பிரிவினருக்கே 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024இல் சொல்லிவிட்டது. மேலே போக விரும்பினால் குஜராத் கடல்சார் பல்கலைக்கழகத்தில் எல்.எல்.எம். இருக்கிறது, மால்டாவில் இதற்கென்றே ஒரு சர்வதேச நிறுவனம் இருக்கிறது.

ஆரம்ப வருமானம் குறைவு, அதை மறைக்க மாட்டேன். ஜூனியர் வழக்கறிஞர்களுக்கு மாதம் சென்னை, மதுரை, கோவையில் 20,000, மற்ற மாவட்டங்களில் 15,000 கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னது. எல்லா சீனியரும் கொடுப்பதில்லை. முதல் மூன்று வருடம் வீட்டுக்குப் பணம் அனுப்பச் சொல்லாதீர்கள். ஆனால் அந்த மூன்று வருடத்தை அவள் கடனில்லாமல் தொடங்குவாள்.

மாமா கோபத்தோடுதான் எழுந்து போனார். அப்பாவை மட்டும் உட்கார வைத்து நாலு விஷயம் சொன்னேன். முன்பணம் கட்டாதீர்கள், நிலப் பத்திரத்தை வங்கிக்குக் கொண்டுபோகாதீர்கள். அந்த ஏஜென்டுக்கு ஆளெடுக்கும் உரிமம் இருக்கிறதா என்று கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் பட்டியலில் மகளையே பார்க்கச் சொல்லுங்கள்; இருந்தால் அங்கேயே புகார் கொடுக்கலாம். ஊன விழுக்காட்டை மருத்துவர் எழுதித் தருவதற்கு முன், ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற காகிதம் எது வந்தாலும் மகன் கையெழுத்துப் போடக் கூடாது. கப்பலை விற்ற பணத்தில் கிடைக்கும் அந்த முன்னுரிமை, சம்பள பாக்கிக்கு இரண்டு ஆண்டு இருக்கும், காயத்துக்கு ஓராண்டுதான். அதில் ஆறு மாதம் போய்விட்டது, இந்த வாரமே சென்னையில் ஒரு கடல்சார் வழக்கறிஞரைப் பாருங்கள் அண்ணே. போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.