வறண்ட கூந்தலுக்குக் கழுவி அகற்றும் மாஸ்க்: கேள்வியும் பதிலும்

கிளிநொச்சியில் அழகுக்கலை கற்பிக்கும் ஆசிரியை ஒருவரிடம் வன்னியின் பல ஊர்களிலிருந்தும் பெண்கள் கேட்ட கேள்விகளும், அவற்றுக்கு அவர் எழுதிய பதில்களும் கீழே தரப்படுகின்றன.

வட்டக்கச்சி: அக்கா, எனக்கு இடுப்பளவு கூந்தல். மேற்பகுதி நன்றாக இருக்கிறது, நுனிதான் தும்பாகிவிட்டது. கடையில் பத்து வகை மாஸ்க் வைத்திருக்கிறார்கள். எதை வாங்குவது?

எந்தப் போத்தல் நல்லது என்று கேட்பதற்கு முன், முடியை எது கெடுத்தது என்று பார்க்க வேண்டும். முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் வளர்கிறது. ஆகவே 60 சென்ரிமீற்றர் நீளமுள்ள கூந்தலின் நுனி ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் முளைத்தது. அத்தனை காலத்து வெயிலையும் சீப்பையும் சவர்க்காரத்தையும் சோளகக் காற்றையும் அது தாங்கியிருக்கிறது. முடியின் மேற்புறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் செதில்கள் தேயும்போதுதான் வறட்சியும் சிக்கும் தொடங்குகின்றன. முடி உயிரற்ற பொருள் என்பதால், தேய்ந்த செதிலைத் திரும்ப வளர்க்க எந்த மாஸ்க்காலும் இயலாது. தேய்ந்த இடத்தின் மேல் வழுவழுப்பான மெல்லிய படலத்தைப் படிய வைப்பதே அதன் முதன்மையான வேலை. சேதமடைந்த பகுதியில் எதிர்மின்னேற்றம் கூடுதலாக இருப்பதால், மாஸ்க்கிலுள்ள நேர்மின்னேற்றப் பொருட்கள் நல்ல முடியைவிட அங்கேயே அதிகம் ஒட்டுகின்றன.

கடையில் நின்று பின்புறத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள். சேர்மானங்கள் பொதுவாக அளவில் கூடியதிலிருந்து குறைந்ததுவரை வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். நீருக்கு அடுத்தடுத்த இடங்களில் செற்றைல் அற்ககோல் அல்லது செற்றியரைல் அற்ககோல், பெஹென்ட்ரைமோனியம் குளோரைட் (மேலே சொன்ன நேர்மின்னேற்றப் பொருள்), டைமெதிகோன் (வழுவழுப்புத் தரும் சிலிக்கோன்) ஆகியவை இருந்தால் உங்கள் முடிக்கு அது போதும். அற்ககோல் என்றிருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். இவ்விரண்டும் மெழுகுத்தன்மையுள்ள கொழுப்புப் பொருட்களேயன்றி முடியை உலர்த்துபவை அல்ல. முன்புறத்தில் ஆர்கான் எண்ணெயின் படம் பெரிதாக இருந்து, பட்டியலில் அந்த எண்ணெய் வாசனைப் பொருளுக்கும் பின்னால் வந்தால், நீங்கள் பணம் கொடுப்பது படத்துக்கே. நுனி பிளந்திருந்தால் முதலில் இரண்டு அங்குலம் வெட்டிவிடுங்கள். அம்மா திட்டுவார் என்று தெரியும்; ஆனாலும் பிளந்த முடி மேல்நோக்கிப் பிளந்துகொண்டே போகும்.

புதுக்குடியிருப்பு: நல்ல மாஸ்க்தான் பூசுகிறேன் மிஸ். ஆனாலும் காய்ந்த பிறகு முடி சரசரவென்றுதான் இருக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சவர். அதுதான் காரணமா?

பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகப் படை கட்டியிருந்தால் அந்த நீரில் கல்சியமும் மக்னீசியமும் மிகுந்திருக்கின்றன என்று பொருள். வன்னியில் பல கிணறுகளின் நீர் இத்தகைய வன்னீரே. இந்த உப்புகள் முடியிலும் படிகின்றன. ஏற்கனவே சேதமடைந்த முடி அவற்றைக் கூடுதலாகவே பிடித்துக்கொள்கிறது. உடம்புச் சவர்க்காரத்தையே தலைக்கும் போடுகிறீர்களாயின் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனெனில் சவர்க்காரம் வன்னீருடன் சேரும்போது நீரில் கரையாத பிசுபிசுப்பான அழுக்காக மாறி முடியில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் படிவின் மேல் எவ்வளவு விலையுயர்ந்த மாஸ்க்கைப் பூசினாலும் அது முடியைச் சரிவரச் சென்றடையாது.

ஆகவே தலைக்குச் சவர்க்காரத்தை நிறுத்தி ஷாம்பூவுக்கு மாறுங்கள். இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை, ஈ.டி.ரி.ஏ. போன்று உலோக உப்புகளைப் பிடித்து அகற்றும் பொருள் முக்கியமாகச் சேர்க்கப்பட்ட 'கிளரிஃபையிங்' அல்லது 'கீலேற்றிங்' ஷாம்பூவால் முழுகி, அதன் பின்னரே மாஸ்க் பூசுங்கள். இத்தகைய ஷாம்பூ முடியை வறளச் செய்யும் என்பதால் ஒவ்வொரு முழுக்குக்கும் அது வேண்டாம். கடைசியாக அலசுவதற்கு மட்டும் வேறு நீர் கிடைத்தால் வேறுபாட்டைக் கையாலேயே உணரலாம். மாரி காலத்தில் மழைநீர்த் தாங்கி நிறைந்திருக்கும்போது ஒரு வாளி எடுத்து வையுங்கள். கோடையில், சுத்திகரிப்பு நிலையத்தில் வாங்கும் குடிநீரில் ஒரு செம்பு போதும். அதற்கு மேல் குடிநீரைத் தலையில் ஊற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தேசிக்காய்ச் சாற்றைத் தலையில் தேய்த்துவிட்டு வெயிலில் முடியை உலர்த்தும் பழக்கம் சிலரிடம் உண்டு. அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளமும் கறுத்த தழும்பும் உண்டாகலாம். அதைத் தவிருங்கள்.

பரந்தன்: ஸ்கூட்டியில் ஏ9 வீதியால் வேலைக்குப் போய் வருகிறேன். நேரமே இல்லை. இரவில் பூசி, காலையில் கழுவலாமா?

வேண்டாம். போத்தலில் குறிப்பிட்ட 5 அல்லது 10 நிமிடங்களுக்குள் ஒட்ட வேண்டியது பெரும்பாலும் ஒட்டிவிடும்; இரவு முழுவதும் வைத்திருப்பதால் பயன் பெருகாது. ஈரமான முடி ஊதிப் பலமிழந்திருக்கும். அந்நிலையில் தலையணையில் உராய்வது கெடுதியே.

நேரத்தைவிட முறைதான் முக்கியம். ஷாம்பூவால் முழுகிய பின் முடியைக் கையால் பிழிந்து, துவாயால் ஒற்றி எடுங்கள். நீர் சொட்டும் முடியில் பூசினால் மாஸ்க் கரைந்து வழிந்துவிடும். பலர் இந்த ஒரு படியைத்தான் தவறவிடுகிறார்கள். தோளளவு முடிக்கு ஒரு மேசைக்கரண்டி போதுமானது. காதுக்குக் கீழிருந்து நுனிவரை, முடியை நான்கு பங்காகப் பிரித்துப் பூசி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். தலைத்தோலில் பூச வேண்டியதில்லை. பொடுகு உள்ளவர்கள் கட்டாயம் தவிர்க்க வேண்டும். வழுவழுப்புச் சற்றே எஞ்சியிருக்கும்வரை அலசினால் போதும். அன்றைக்குத் தனியாகக் கண்டிஷனர் தேவையில்லை. சூடான துவாயைச் சுற்றும்படி சில போத்தல்களில் எழுதியிருப்பார்கள். அது குளிர்நாட்டாருக்கு உரியது, நம் வைகாசி வெயிலில் வீட்டுக்குள் இருக்கும் வெப்பமே தாராளம். கிழமைக்கு ஒருமுறை செய்தால் போதும். மற்ற நாட்களில் பின்னிக்கட்டி, ஹெல்மெட்டுக்குள் வழுவழுப்பான துணியொன்றைச் சுற்றிக்கொண்டு ஓட்டுங்கள்.

வவுனியா: திருமணத்துக்காக முடியை நேராக்கி, நிறமும் போட்டேன். இப்போது சீப்பில் துண்டு துண்டாக முறிந்து வருகிறது. எந்த மாஸ்க் இதைப் பழையபடி ஆக்கும்?

பழையபடி எதுவும் ஆக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தங்கச்சி. நிலையாக நேராக்கும் இரசாயனம் முடியின் உள்ளிருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைத்தே அதன் வடிவத்தை மாற்றுகிறது. வெளிர் நிறத்துக்காகப் பயன்படுத்தும் ஐதரசன் பேரொட்சைட்டு, முடியின் மேல் இயற்கையாக உள்ள கொழுப்புப் படலத்தையும் அகற்றிவிடுகிறது. இரண்டும் ஒரே முடியில் நடந்திருந்தால், நீராற்பகுக்கப்பட்ட கெரட்டினும் (சிறு துண்டுகளாக்கப்பட்ட முடிப் புரதம்) அமோடைமெதிகோன் என்ற சிலிக்கோனும் சேர்ந்த மாஸ்க்கைக் கிழமைக்கு இருமுறை பயன்படுத்துங்கள். புதிய முடி வளரும்வரை முறிவைக் குறைக்க அது உதவும். சூடான அயனை ஒதுக்கி வையுங்கள். 'கெரட்டின் சிகிச்சை' என்ற பெயரில் பார்லரில் செய்யப்படுவது வேறு. அவற்றில் சில, சூடாக்கும்போது ஃபோமல்டிஹைட் வாயுவை வெளியிடுகின்றன. கண் எரிந்தால் உடனே எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.

மாங்குளம்: எனக்கு நிறமும் இல்லை, நேராக்கலும் இல்லை. கெரட்டின் மாஸ்க் பூசப் பூச முடி விறைக்கிறதே?

உங்கள் முடிக்குப் புரதம் தேவைப்படவில்லை. படிந்துகொண்டே போவதால் விறைக்கிறது. ஒரு மாதம் நிறுத்திவிட்டு, மேலே வட்டக்கச்சிச் சகோதரிக்குச் சொன்ன வகைக்கு மாறுங்கள்.

ஒட்டுசுட்டான்: பணம் கொடுத்து வாங்க வசதியில்லை அன்ரி. முட்டை, தயிர், வெந்தயம், செவ்வரத்தை இலை இவற்றில் எது உதவும்?

முட்டையைச் சமைத்துச் சாப்பிடுங்கள். அதன் புரத மூலக்கூறுகள் முடிக்குள் நுழைய முடியாத அளவு பெரியவை. சுடுநீர் பட்டால் தலையிலேயே அவிந்து ஒட்டிக்கொள்ளும். ஊறவைத்து அரைத்த வெந்தயத்திலும் செவ்வரத்தை இலையிலும் உள்ள வழுவழுப்பு, சிக்கெடுக்க உண்மையிலேயே உதவும். ஆனால் மெல்லிய துணியால் வடித்தே பூச வேண்டும். இல்லையெனில் அந்தத் துகள்களைச் சீப்பால் வாரி எடுப்பதிலேயே முடி முறியும். கற்றாழையை வெட்டினால் வடியும் மஞ்சள் பாலைக் கழுவிவிட்டு உள்ளிருக்கும் சோற்றை மட்டும் எடுங்கள்.

எல்லாவற்றிலும் மேலானது உங்கள் வீட்டிலேயே இருக்கும் தேங்காயெண்ணெய். அதிலுள்ள லோரிக் அமிலக் கொழுப்பு முடியின் உட்பகுதிவரை செல்லக்கூடியது. முழுகும்போது புரதம் வெளியேறுவதையும் அது குறைக்கிறது. சூரியகாந்தி எண்ணெய்க்கும் கனிய எண்ணெய்க்கும் இந்தத் தன்மை இல்லை. முழுகுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக நுனிமுடியில் சிறிதளவு தேய்த்து, பின்னர் ஷாம்பூ போடுங்கள். கடையில் சிறிய பக்கற்றில் கிடைக்கும் சாதாரணக் கண்டிஷனரை அதன் பின் 5 நிமிடம் வைத்து அலசினாலே பெருமளவு பலன் கிடைக்கும். கண்டிஷனருக்கும் மாஸ்க்குக்கும் இடையில் உள்ள வேறுபாடு பெரும்பாலும் செறிவில்தான்.

முல்லைத்தீவு: காய்ச்சல் வந்து மூன்று மாதம். கொத்துக் கொத்தாக முடி உதிர்கிறது. மாஸ்க் நிறுத்துமா?

நிறுத்தாது. கடும் காய்ச்சலுக்கும் மகப்பேற்றுக்கும் பின்னர் இரண்டு மூன்று மாதத்தில் வேரோடு உதிர்வது வழமை. பொதுவாகத் தானாகவே குறையும். ஆறு மாதத்துக்கு மேலும் தொடர்ந்தால் வைத்தியசாலையில் இரும்புச்சத்தையும் தைரொயிட்டையும் சோதியுங்கள்.

தருமபுரம்: பெரிய போத்தல் வாங்கினால் எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்?

போத்தலின் பின்புறத்தில் மூடி திறந்த சாடியின் சிறு படமும் அதனுள் 12 என்ற எண்ணும் இருந்தால், திறந்த நாளிலிருந்து 12 மாதங்கள் என்று பொருள். ஈரக்கையை உள்ளே விடாமல் காய்ந்த கரண்டியால் எடுங்கள். குளியலறையில் மூடாமல் விட்டு, விளிம்பில் கரும்புள்ளி கண்டால் எறிந்துவிடுங்கள். மேற்பகுதியை வழித்துவிட்டு மிச்சத்தைப் பூசக் கூடாது.